பிரேக் விளக்கு எரிந்ததாம்

மார்ச் 4

அண்ணாவுக்கு,

நேற்று நான்கு தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. விபத்து நடந்த அன்று எடுத்தபோது என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டாயா? "அது எப்படி நிக்கும், அது எப்படி நிக்கும்"னு அதையே பிடித்துக்கொண்டாய். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் தாளை எடுத்துவிட்டேன். நீயும் எழுது. அதுவரை போன் வேண்டாம்.

முதலில் அம்மா. தோளை ஒட்டின காறையெலும்பில் ஒரு விரிசல். ஆபரேஷன் தேவையில்லை, எட்டு வாரம் கையை அசைக்காமல் துணியில் தொங்கவிட்டிருக்க வேண்டும். வலி இருக்கிறது. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் வலியை மென்று முழுங்கிவிடுகிறாள். நான் நர்ஸ் என்பது அவளுக்கு மறந்துபோய்விட்டதோ என்னவோ.

நடந்தது இதுதான், காது கொடுத்துக் கேள். அம்மாவைக் கண் மருத்துவமனையில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம், காலை பதினொரு மணி. மேம்பாலத்தில் ஒரு பக்கம் அடைத்து வேலை நடக்கிறது, அதனால் ஏற்றத்தில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. பாதி ஏற்றத்தில் முன்னால் போன லாரி நகர்ந்தது. நான் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். வண்டி கேட்கவில்லை. எஞ்சின் அணையவில்லை அண்ணா, ஏசி ஓடுகிறது, ரேடியோவில் யாரோ வானிலை வாசிக்கிறார்கள், இழுவை மட்டும் இல்லை. தரை வரைக்கும் அழுத்தினேன். உடம்பில் உயிர் இருந்தும் கை கால் வராத நோயாளி மாதிரி அது அப்படியே நின்றது. பின்னால் வந்த வேன் வந்து இடித்தது. அம்மா "ஐயோ"ன்னுகூடச் சொல்லவில்லை. நான்தான் கத்தினேன்.

வண்டி வாங்கி ஏழு மாதம். சீட்டு உறையின் புது வாசனை இன்னும் போகவில்லை. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார்கள், இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் ரொம்ப மரியாதையாக, "மேடம், வண்டி நல்ல ஆரோக்கியமா இருக்கு, எந்தக் கோளாறும் பதிவாகல"ன்னார். நான் தினமும் நோயாளிகள் வீட்டில் சொல்கிற அதே குரல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யாரும் சொல்லி நீ கேட்க வேண்டாம். நான் பிரேக் போட்டேன் என்கிறார் வேன்காரர். என் பிரேக் விளக்கு எரிந்ததாம். நான் பிரேக்கே போடவில்லை.

சுண்டு

மார்ச் 11

சுண்டுவுக்கு,

கடிதம் வந்தது. குறுக்கே பேசாமல் இரண்டு தடவை படித்தேன்.

பத்தொன்பது வருடமாக நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். உரிமம் கேட்டு வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் ஓட்டுவதைப் பார்த்து, தேறினாரா இல்லையா என்று எழுதுவது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் பத்துப் பேரையாவது திருப்பி அனுப்புகிறேன். அதில் நாலு பேர் சொல்வது ஒரே வசனம்தான்: "நான் ஒண்ணும் பண்ணல சார், வண்டி தானா நின்னுடுச்சு." ஏழு மாத வண்டி தானாக நிற்காது. அப்படி நின்றால் கம்ப்யூட்டரில் தடம் இருக்கும். பிரேக் விளக்கு தானாக எரியாது. கால் பட்டால்தான் எரியும். நீ பதற்றத்தில் பிரேக்கை அழுத்தியிருக்கிறாய், அழுத்தியது உனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்குச் சந்தோஷமா என்ன? உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

உனக்கு ஐம்பத்தொரு வயது. ஒரு நாளைக்கு எட்டு வீடு ஏறி இறங்கி, புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வந்து, அம்மாவையும் பார்க்கிறாய். மனுஷ உடம்பு எத்தனைக்குத்தான் தாங்கும். அம்மா இங்கே வந்துவிடட்டும். உன் அண்ணி வாசல் பக்க அறையை ஒழித்து வைத்துவிட்டாள். சித்தப்பாவிடமும் மாமாவிடமும் பேசினேன், அவர்களும் இதுதான் சரி என்கிறார்கள். 28ஆம் தேதி ரயிலில் வருகிறேன். மறுநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்புகிறேன். அதுவரை நீ அம்மாவை அந்த வண்டியில் ஏற்ற வேண்டாம். இது கெஞ்சிக் கேட்பது இல்லை.

அண்ணன்

மார்ச் 16

அண்ணாவுக்கு,

சித்தப்பாவிடமும் மாமாவிடமும் பேசிவிட்டாய். நல்லது. அடுத்து தண்டோரா போடலாம்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? "அம்மாவை அனுப்புறியா"ன்னு ஒரு கேள்விக்குறி போட்டு எழுத உனக்கு மை இல்லையா? பதினாறு வருடமாக அம்மா என்னோடு இருக்கிறாள். அவள் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் இருமுவாள் என்று எனக்குத் தெரியும்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்தப் பாலத்துக்குத் தனியாகப் போனேன். காலி ரோடு. மூன்று தடவை ஏறி இறங்கினேன், வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும்போது, நெரிசலில், அதே ஏற்றத்தில், ஒரு நொடி அது துவண்டது. ஒரே நொடிதான். மறுபடி இழுத்துக்கொண்டது. புதன்கிழமை ஒன்றும் இல்லை. இப்போது யோசித்துப் பார்த்தால் வாங்கிய இரண்டாவது மாதத்திலும் மருத்துவக் கல்லூரி வாசல் மேட்டில் இப்படி ஒரு தடவை முரண்டு பிடித்தது. அப்போது புது வண்டி, பழகணும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வேன்காரரை மறுபடி போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன், அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். "தங்கச்சி, என் ரெண்டு கண்ணால பார்த்தேன், உங்க விளக்கு எரிஞ்சுது, நீங்க நிறுத்துறீங்கன்னுதான் நெனச்சேன், அப்புறம் வண்டி பின்னால நகர்ந்த மாதிரி இருந்துச்சு"ன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. என் வலது கால் ஆக்சிலரேட்டரில் இருந்தது, எனக்குக் கட்டை விரல் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அது எப்படி ஒரே நேரத்தில் பிரேக்கிலும் இருக்கும்? மண்டை காய்கிறது. ஒரு நாள் நீ சொல்வது சரி என்று தோன்றுகிறது, மறுநாள் நீ யார் சொல்ல என்று தோன்றுகிறது.

அம்மா எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறாள். உனக்கும் எனக்கும் நடுவில் அவள் எப்போதுமே அப்படித்தான்.

28ஆம் தேதி வா. நீயே ஓட்டிப் பார். உன் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் குறை இல்லை என்று சொன்னால் அம்மாவை அழைத்துப் போ. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

சுண்டு

ஏப்ரல் 2

சுண்டுவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு அறை பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். மாத்திரைகளை நீ எழுதிக் கொடுத்த நேரப்படி உன் அண்ணி கொடுக்கிறாள்.

கிளம்பும்போது நீ வாசலுக்கு வரவில்லை. பரவாயில்லை. சொன்ன வார்த்தைப்படி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அம்மாவின் துணிகளை மடித்து வைத்துக் கொடுத்தாய். சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வண்டியைப் பற்றி அன்று காலை சொன்னதுதான். பாலம் வரை போய் வந்தேன், ஒரு குறையும் இல்லை. அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. ஆனால் நீ அந்தப் பாலத்தில் போகாதே, கொஞ்சம் சுற்றானாலும் ஆற்றோரச் சாலையில் போ. ஓட்டும்போது தட்டையான செருப்பு போட்டுக்கொள். கால்களை எங்கே வைக்கிறாய் என்று கொஞ்சம் கவனி. எல்லோருக்கும் சொல்வதுதான்.

இன்னும் என்னவோ எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

அண்ணன்

ஏப்ரல் 19

அண்ணாவுக்கு,

குறையில்லாத வண்டிக்கு எதற்கு ஆற்றோரச் சாலை? உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

சண்டை போடுவதற்காக எழுதவில்லை. என்னிடம் சண்டைக்குத் தெம்பில்லை. குறை வண்டியில் இல்லை என்று நீயே ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டாய். அப்படியென்றால் அது என்னிடம் இருக்கிறது. உன் தீர்ப்பை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறேன். போன வாரம் ஒரு தாத்தாவின் காலுக்குக் கட்டு மாற்றிவிட்டுக் கீழே இறங்கினேன். மருந்துத் துணியை உள்ளே வைத்தேனா, வெறும் பஞ்சைக் கட்டிவிட்டேனா என்று வந்துவிட்டது. திரும்பி ஏறிப் போய் அவிழ்த்துப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தத் தாத்தா அடுத்த முறை தன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இப்போது ஒவ்வொரு வீட்டிலும் செய்ததைச் செய்ததாகத் தாளில் குறித்துக்கொள்கிறேன். பிரேக் அழுத்தியது தெரியாதவளுக்கு வேறு என்னென்ன தெரியாமல் போகிறதோ.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார், மே 6ஆம் தேதி.

வண்டி வாசலில் மூடிக் கிடக்கிறது. விற்கவும் மனம் வரவில்லை, என்னவென்று சொல்லி விற்பது? பஸ்ஸில் போவதால் மூன்று வீடுதான் முடிகிறது. மற்ற ஐந்து வீட்டை வேறு ஒருத்திக்கு மாற்றிவிட்டார்கள். நேற்று மேட்ரன் கூப்பிட்டு உட்காரவைத்தார். "உங்க அண்ணன் லைசென்ஸ் தேர்வு அதிகாரிதானே, நீங்க ஓட்டலாமா கூடாதான்னு அவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி வாங்க. அதை வெச்சு முடிவு பண்றேன்"ன்னார். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் என்னை மருந்து இருப்பு அறையில் உட்காரவைத்துவிடுவார்கள். இருபத்தாறு வருடம் மனுஷர்களைத் தொட்ட கை இது, அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நான் என்ன செய்வேன்?

அதனால் எழுது. அண்ணனாக வேண்டாம், அதிகாரியாக எழுது. ஓட்டத் தகுதி இல்லை என்றால் அதையே எழுது, உரிமத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அம்மாவை அனுப்பு என்று இனிமேல் கேட்கவே மாட்டேன். பூசி மெழுகாதே. எனக்கு நல்ல பதில் வேண்டியதில்லை, ஒரு பதில் வேண்டும்.

சுண்டு

ஏப்ரல் 25

சுண்டுவுக்கு,

மேட்ரனுக்கான கடிதம் இதனோடு இருக்கிறது. அதை முதலில் கொடுத்துவிட்டு வா. பிறகு இதைப் படி.

கொடுத்துவிட்டாயா?

பாலத்தில் எனக்கும் நின்றது.

29ஆம் தேதி காலை, நீ அம்மாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாய். நான் உன் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். நெரிசல். பாதி ஏற்றம். முன்னால் இடம் விட்டது, அழுத்தினேன், வண்டி கேட்கவில்லை. நீ எழுதியது போலவே, ஏசி ஓடுகிறது, எஞ்சின் ஓடுகிறது, இழுவை இல்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பின்னால் ஒரு வெள்ளை வண்டி, அதன் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு வெளிச்சம். என் பிரேக் விளக்கு. குனிந்து பார்த்தேன். என் இடது கால் பிரேக்கின் மேல் இருந்தது. அதை அங்கே வைத்தது எனக்குத் தெரியாது, சுண்டு. சத்தியமாகத் தெரியாது.

நீ வலது காலை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாய். நானும் அப்படித்தான் யோசித்தேன். இடது காலை நாம் இரண்டு பேருமே கணக்கில் சேர்க்கவில்லை.

நம் பழைய வண்டியை நினைத்துப் பார். இருமல் என்று நாம் பேர் வைத்த அந்த வண்டி. கியர் தானாக மாறும், ஆனால் நிறுத்தினால் இருமி இருமி எஞ்சின் அணைந்துவிடும். அதனால் மேட்டில் நிற்கும்போது இடது காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு, வலது காலால் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். மூடிக்கிடந்த கிடங்கின் வாசலில் வைத்து உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். "ரெண்டு காலையும் வேலைக்கு வை, சும்மா உக்காரவைக்காதே"ன்னு சொல்லிச் சொல்லி, நீ அழுதுகொண்டே கற்றுக்கொண்டாய். பதினோரு வருடம் அதை அப்படித்தான் ஓட்டினாய். உன் புது வண்டியும் கியர் தானாக மாறுகிற வண்டி, இடது காலுக்கு வேலை இல்லை. மேடு வந்ததும் அது தன் பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. நான் இங்கே ஓட்டுவது கிளட்ச் உள்ள வண்டி. அதனால் எனக்கு இது தெரியாமலே போய்விட்டது.

இப்போது வருகிற வண்டிகளில் இரண்டு பெடலும் ஒரே நேரத்தில் அழுந்தினால், கம்ப்யூட்டர் பிரேக்கின் பேச்சைத்தான் கேட்கும், எஞ்சினின் இழுவையைக் குறைத்துவிடும். நம்மைக் காப்பாற்றுகிறதாம். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. அது கோளாறு இல்லை, அதனால் பதிவாகாது. சர்வீஸ் சென்டர்காரர்கள் ஒற்றைக் காலால் ஓட்டுகிறவர்கள், அவர்களுக்கு எப்படி நிற்கும். நீ பயந்துபோய் இரண்டு காலையும் ஊன்ற ஊன்ற அது இன்னும் அடங்கியிருக்கும். வேன்காரர் சொன்னது உண்மை, பிரேக்கில் கால் லேசாக மட்டும் பட்டபோது வண்டி ஏற்றத்தில் கொஞ்சம் பின்னால் சரிந்திருக்கும். நீ சொன்னதும் உண்மை.

இதெல்லாம் அன்று காலை பத்து மணிக்கே எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, ஒரு குறையும் இல்லை என்றேன். சொன்ன வார்த்தையில் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தினமும் முப்பது பேருடைய காலைப் பார்க்கிறவன், தன் காலைப் பார்க்கத் தெரியாதவன் என்று உன்னிடம் ஒப்புக்கொள்ள வெட்கம். சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் என்ன சொல்வது என்று ஒரு யோசனை. ஆனால் இதெல்லாம் மேல் பூச்சு. அம்மா என்னோடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பதினாறு வருடமாக ஆசை. உண்மையைச் சொன்னால் அம்மா உன்னோடுதான் இருப்பாள். அதனால் சொல்லவில்லை. நீ ஸ்கேன் வரைக்கும் போவாய் என்று நினைக்கவில்லை.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்துபோய் ஒரு கையாலேயே பெட்டியில் துணி எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் மடித்துக் கொடுத்தேன்.

சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். சனிக்கிழமை, மே 9, மத்தியான ரயிலில் அம்மாவை அழைத்து வருகிறேன். நீ சொல்லும் வரை வீட்டுக்குள் வர மாட்டேன்.

அண்ணன்

மே 3

அண்ணாவுக்கு,

மேட்ரன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இவ்வளவு நேரா எழுதுற அதிகாரியை நான் பார்த்ததில்ல"ன்னார். ஐந்து வீடும் திரும்ப வந்துவிட்டது. ஸ்கேனை ரத்து செய்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே வண்டி மேல் மூடியிருந்த துணியை எடுத்தேன். இடது காலை மடித்து சீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு, நெரிசல் நேரமாகப் பார்த்து, பாலத்தில் நான்கு தடவை ஏறினேன். நிற்கவில்லை. ஐந்தாவது தடவை வேண்டுமென்றே இடது காலைப் பிரேக்கில் லேசாக வைத்தேன். பொட்டென்று அடங்கியது, சொல்லிவைத்த மாதிரி. காலை எடுத்தேன், இழுத்தது. சிரித்துவிட்டேன். பாலம் இறங்கியதும் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதேன்.

எனக்குக் குழப்பம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. யார் மேல் கோபப்படுவது என்று இன்னும் தெரியவில்லை. வண்டி தன் வேலையைத்தான் செய்தது. கால் தனக்குக் கற்றுக்கொடுத்ததைச் செய்தது. நீ கற்றுக்கொடுத்ததும் அப்போதைக்கு அந்த வண்டிக்குச் சரிதான், இல்லாவிட்டால் நான் ஓட்டியிருக்கவே மாட்டேன். அம்மாவின் எலும்பு விரிந்தது என் காலால்தான், அதையும் நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன். இதில் எதற்கும் உன்னைத் திட்ட மாட்டேன்.

ஆனால் இருபத்தேழு நாள், அண்ணா. உனக்குத் தெரிந்திருந்து எனக்குத் தெரியாத இருபத்தேழு நாள். அந்த நாட்களில் நான் என் கையையே நம்பாமல் ஒரு வயசாளியின் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். அம்மா வேண்டும் என்றால் அம்மா வேண்டும் என்று கேட்டிருக்கலாமே. இரண்டு மாதம் அங்கே, நாலு மாதம் இங்கே என்று பேசியிருக்கலாமே. நான் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், கடைசியில் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். உனக்கு என்னைத் தெரியாதா?

நேற்று அம்மாவிடம் போனில் பேசினேன். ஓட்டப்போவது நான்தான், பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "அன்னைக்கே நான் பயப்படல. நீதான் கத்துனே"ன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் நாலு நாளா சரியா சாப்பிடல, வந்ததும் வராததுமா அவனைத் திட்டிடாதே"ன்னாள். எலும்பு விரிந்தவள் அவள், தலை சுற்றிப்போனவள் நான், பரிதாபம் மட்டும் உனக்கு. எனக்கு எரிச்சலாக வந்தது. போனை வைத்த பிறகு உனக்கும் சேர்த்துத்தான் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன்.

சனிக்கிழமை நிலையத்துக்கு வண்டியோடு வருகிறேன். ஆற்றோரச் சாலை கிடையாது, பாலத்து வழியாகத்தான் வீட்டுக்குப் போவோம். அம்மா முன்சீட்டில்தான் உட்காருவேன் என்கிறாள். நீ பின்னால் உட்கார். என் காலைப் பார்க்காதே. பாலம் இறங்கும் வரை ஒரு வார்த்தை பேசாதே. இறங்கின பிறகு பேசு. நானும் குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

சுண்டு